தண்ணீர் எங்கே போகிறது? பழைய ஆம்னியில் கூலன்ட் கசிவைக் கண்டுபிடித்தலும் சரிசெய்தலும்

காலையில் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லும் ஆம்னி ஓட்டுநர்கள் ஏராளம். கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அப்படி இருக்கக் கூடாது. கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். எஞ்சின் சூடானால் அது விரிந்து ரிசர்வ் டேங்கிற்குப் போகும். ஆறினால் அங்கிருந்து ரேடியேட்டருக்கே திரும்பும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் மாதக்கணக்கில் ஓடினாலும் டேங்கின் மட்டம் பெரிதாக இறங்காது. தினமும் தண்ணீர் கேட்கிற வண்டியில் எங்கோ வழி திறந்திருக்கிறது. அதைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் இருநூறு ரூபாய் ஓஸில் முடிய வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாக வளர்ந்து நிற்கும்.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னால் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் படுத்திருக்கிறது, ரேடியேட்டர் முன்பக்கம். இந்த அமைப்பால் ஒரு வசதி, ஒரு தொல்லை. சீட்டைத் தூக்கினாலே எஞ்சினின் மேல்பகுதி கண்ணுக்குத் தெரியும் என்பது வசதி. மேலே கசிந்த கூலன்ட் எஞ்சின் மேலும் சேஸிஸ் மேலும் வழிந்து, ஓட்டத்தில் காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய், வேறொரு மூலையில் சொட்டும் என்பது தொல்லை. தரையில் சொட்டு விழுந்த இடத்திற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிக் கையை வைத்தால் பெரும்பாலும் நல்ல பாகத்தைத்தான் கழற்றுவீர்கள். இந்த அத்தியாயத்தில் முக்கால்வாசி தேடுவதைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான். ஓட்டை தெரிந்துவிட்டால் மாட்டுகிற வேலை சுலபம்.

முதலில், அது கூலன்ட்தானா?

ஏசி பொருத்திய வண்டியில் ஏசி ஓடும்போது கீழே தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது நிறமில்லாத, மணமில்லாத சுத்தத் தண்ணீர். கண்ணாடி கழுவும் தண்ணீரும் சில சமயம் ஒழுகும். கூலன்ட்டுக்குப் பச்சை, சிவப்பு, ரோஸ் என்று ஏதாவது நிறம் உண்டு. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாசனை வரும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. நாயும் பூனையும் இதை நக்கித்தான் செத்துப்போகின்றன. வடித்த கூலன்ட்டை வாசலில் கொட்டி விடாமல் கேனில் பிடித்து மூடி வையுங்கள்.

நெடுநாளாக வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. துருநிறத்தில் ஒரு கலங்கல் வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வண்டியில் பழையதை வடித்துவிட்டு நல்ல நிறமுள்ள கூலன்ட்டை ஊற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு தேடும் நேரத்தில் மிச்சமாகிவிடும். கசிந்த இடத்தில் கூலன்ட் காய்ந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். வெறும் தண்ணீர் இவ்வளவு தெளிவான தடயத்தை விட்டுவைக்காது.

இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரியுங்கள். எந்தப் பக்கம் முன் என்று அதில் குறித்து வையுங்கள். காலையில் எத்தனை கறை, எந்த இடத்தில், எந்த நிறத்தில் என்று பார்த்தால் கறுப்பாக இருப்பது எஞ்சின் ஆயில், நிறமுள்ளது கூலன்ட் என்று பிரித்துவிடலாம். இடம் துல்லியமாகத் தெரியாது. முன்பக்கமா நடுவிலா என்பது தெரியும். அது போதும்.

எப்போது கசிகிறது?

எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று கேட்பது பாதி வேலையை முடித்துவிடும்.

இரவில் நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் சொட்டினால் ஓஸ் கிளிப்புகளைச் சந்தேகியுங்கள். சூட்டில் எல்லாம் விரிந்து இறுக்கமாக நிற்கும். ஆறிச் சுருங்கும்போது கெட்டிப்பட்ட ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழும். இதற்கு நேர்மாறாக, நீண்ட ஓட்டம் முடித்து நிறுத்திய உடனே மட்டும் கசிந்தால் அழுத்தம் ஏறியபோது மட்டும் திறக்கிற விரிசல் எங்கோ இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்து, நிறுத்தினால் நின்றுவிட்டால் வாட்டர் பம்பைப் பாருங்கள். எப்போதுமே தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போனால் அதுதான் கவலைப்பட வேண்டிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பேன் ஓடாத வண்டியும் கசியும் வண்டி போலவே நடிக்கும். நெரிசலில் நின்றால் கொதித்து, ரிசர்வ் டேங்க் வழியே கூலன்ட் வெளியே தள்ளப்படும். ரேடியேட்டரை வெப்ப சுவிட்ச் மூலம் மின்விசிறிதான் குளிர்விக்கிறது. சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்து, சாவியைத் திருப்பிப் பாருங்கள். பேன் சுற்றினால் மோட்டாரும் பியூஸும் நன்றாக இருக்கின்றன, குறை சுவிட்சில். சுற்றாவிட்டால் பியூஸிலிருந்து தொடங்குங்கள்.

மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகுதான் எந்த வேலையும். மேல் ஓஸைக் கையால் அழுத்திப் பாருங்கள்; விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடாதீர்கள். சூடான ரேடியேட்டரைத் திறந்தால் பீய்ச்சி அடிப்பது கொதிநீர். ஆம்னியில் முகத்தை விலக்கிக்கொள்ளக்கூட இடம் இருக்காது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையைத்தான் அது இங்கே செய்கிறது. மேலே 0.9 என்பது போல் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த அழுத்தம் வரை மூடி தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை தாக்குப் பிடிக்கும். ரப்பர் கெட்டிப்பட்டோ ஸ்பிரிங் தளர்ந்தோ மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால், ஓட்டையே இல்லாத வண்டியும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது கொதித்து வழியும்.

மூடியின் அடியில் நடுவே இன்னொரு சின்ன வால்வு உண்டு. ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டை உள்ளே இழுத்துக்கொள்வது அந்த வழியாகத்தான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் ஓஸ் உள்வாங்கிச் சப்பையாக இருக்கும், டேங்கில் மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். டேங்கிற்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருந்தாலும் கூலன்ட்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். சந்தேகம் இருந்தால் அதே எண் போட்ட புது மூடியை மாட்டிவிடுங்கள். வண்டியிலேயே மலிவான பாகங்களில் ஒன்று அது. ஆனால் அதிக எண் போட்ட மூடி நல்லது என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். இருபது வருட ரேடியேட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

அழுத்தம் ஏற்றிப் பார்த்தல்

கண்ணால் தேடிக் கிடைக்காத கசிவைக் காட்டிக்கொடுப்பது பிரஷர் டெஸ்டர். மூடியின் இடத்தில் மாட்டும் கைப்பம்பும் மீட்டரும்தான் அது. ரேடியேட்டர் கடைகளிலும் ஓரளவு பெரிய ஒர்க்ஷாப்புகளிலும் இருக்கும். ஆறிய எஞ்சினில் முழுவதும் கூலன்ட் நிரப்பி, மூடியில் எழுதிய அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கினால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஈரத்தின் மிக உயரமான புள்ளிதான் நீங்கள் தேடுவது. சேறும் ஆயிலும் அப்பிய எஞ்சினில் எதுவும் தெரியாது என்பதால் முந்தின நாளே கழுவிக் காயவிடுங்கள்.

அழுத்தம் ஏற்றாமல் கையால் மட்டும் செய்யக்கூடிய சோதனை ஓஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது. நல்ல ஓஸ் அமுங்கி மீளும். கொழகொழவென்று இருந்தாலும் முறுக்கு போல நொறுநொறுவென்று சத்தம் வந்தாலும் அது போய்விட்டது என்று பொருள். கிளிப்பை ஒட்டி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வெடிப்பது அங்கேதான். எல்லோரும் மேல் ஓஸைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஓஸின் அடிவயிற்றையும் எஞ்சினைச் சுற்றி ஓடும் குட்டி ஓஸ்களையும் தடவிப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும்.

எல்பிஜி கிட் உள்ள வண்டி என்றால் சந்தேகப் பட்டியல் நீளும். திரவமாக வரும் எரிவாயுவை ஆவியாக்கும் வேப்பரைசருக்குச் சூடு கொடுப்பது இதே கூலன்ட்தான். அதற்காக ஓஸை நடுவில் வெட்டி டி-ஜாயின்ட் போட்டிருப்பார்கள். ஒரு வேப்பரைசருக்காகப் புதிதாக ஆறேழு கிளிப்புகள் சேர்ந்திருக்கும். வண்டி எல்பிஜியில் திணறுகிறது, வேப்பரைசர் மேல் பனி படிகிறது என்றால் எரிவாயுவை நோண்டும் முன் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்தால் முதலில் காய்வது அந்தச் சின்ன ஓஸ்கள்தான். கிட் மாட்டியவர் தோட்டத்து ஓஸைப் போட்டிருந்தால், அப்படிச் செய்பவர்களும் உண்டு, அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூலன்ட்டுக்கான ரப்பர் ஓஸ் போடுங்கள்.

ஓஸ் மாற்றும்போது

பழைய ஓஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டு வராது. ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், இடுக்கியால் திருகாதீர்கள். ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக்; ஓஸைக் காப்பாற்றப் போய் ரேடியேட்டரை உடைத்தவர்கள் பலர். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். எப்படியும் தூக்கி எறியப்போகிற ஓஸ்தானே.

அலுமினியக் குழாய்வாயில், முக்கியமாகத் தெர்மோஸ்டாட் மூடியில், வெள்ளைப் பொடியாக அரிப்பு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். குழி விழுந்து சாப்பிட்டிருந்தால் புது ஓஸும் அங்கே நிற்காது; மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும். ஓஸை ஏற்றக் கூலன்ட்டையே தடவிக்கொள்ளுங்கள், கிரீஸ் வேண்டாம், அது ரப்பரைத் தின்னும். குழாயின் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி உள்ளே கிளிப் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் அன்றைக்குப் பிடிக்கும், அடுத்த வாரம் நழுவும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்குவதும் தவறு.

தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்த பல மெக்கானிக்குகள் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையில்லை" என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறவே தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். பழுதானால் புதிது போடுங்கள். வாங்கியதை மாட்டும் முன் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாட்டர் பம்ப்

பம்பின் தண்டுக்கு அடியில் வேண்டுமென்றே விட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்கிற்குப் போகாமல் அந்த வழியாக வெளியேறட்டும் என்பதற்காக வைத்தது. அங்கே கோடு இழுத்தாற்போல் கறை இருந்தால் பம்பின் காலம் முடிந்தது. துளையை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீர் பேரிங்கிற்குள் போகும், பேரிங் இறுகும், நடுச்சாலையில் பெல்ட் அறுந்து வண்டி நிற்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ சுற்றும்போது கரகரத்தாலோ பம்பை மாற்றுங்கள். புது பம்ப் உட்காரும் பரப்பில் பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. எப்படியும் அவ்வளவு தூரம் கழற்றியாயிற்று; பெல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட இரும்பு மூடிகள் அடித்திருப்பார்கள். வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டியில் அவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். ஒன்று போய்விட்டால் மற்றவையும் அதே வயதுதான் என்பதை மறக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர்

செம்பு, பித்தளையில் செய்த பழைய ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் கவலையில்லை. கடையில் தொட்டியில் முக்கிக் காற்றை ஏற்றுவார்கள். குமிழி வரும் இடத்தைச் சுத்தம் செய்து ஈயம் வைத்துவிடுவார்கள். மேல்தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுக்கவும் சொல்லுங்கள். அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள ரேடியேட்டரில் இந்த வைத்தியம் எடுபடாது. தொட்டியில் விரிசல் என்றால் பசை போட்டு ஊர் போய்ச் சேரலாம், அவ்வளவுதான், மாற்றுவதே வழி.

மஞ்சள் தூளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் கசிவு நிற்கும் என்பது நெடுஞ்சாலை ஓட்டுநர்களிடம் தலைமுறையாகப் புழங்குகிற கைவைத்தியம். உண்மையிலேயே நிற்கும். தூள் ஊறி ஊசித்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று அதற்குத் தெரியாது. கடையில் விற்கும் கசிவடைப்பான் பவுடர்களுக்கும் இதே குணம்தான். இரவில் ஆளில்லாத சாலையில் மாட்டிக்கொண்டால் போடுங்கள், தப்பில்லை. வீடு வந்ததும் ஓட்டையைச் சரிசெய்து, முழுவதும் வடித்துக் கழுவிவிடுங்கள்.

தரையில் சொட்டே இல்லை, ஆனால் குறைகிறது

இப்போது அந்தக் கவலைக்குரிய கேள்வி. வெளியே போகாத கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்.

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் சில குமிழிகள் வருவது சகஜம். விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. மூடியை மூடி ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில், சூடேறும் முன்பே, மேல் ஓஸ் கல்லாக விறைத்தாலும் அதே பொருள்தான். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் நீராவி போகிறது. சைலன்சரில் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, இனிப்பு வாசனை, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம் எல்லாம் இதற்குச் சாட்சி. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்நுரை இருந்தால் பயப்படாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் தங்கி அப்படி வரும். உறுதிப்படுத்த, நீலத் திரவத்தில் ரேடியேட்டர் காற்றை இழுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை, மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கழற்றிய ஹெட் அலுமினியம், சூட்டில் வளைந்திருக்கும். நேர்விளிம்பும் பீலர் கேஜும் வைத்து அளந்தாரா? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு வளைவே அதிகம். அளக்காமல் புது கேஸ்கெட்டை மட்டும் மாட்டினால் சில வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கை அளவு போதும் என்று சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

மறுபடி நிரப்புதல்

போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்ட் வாட்டரில் கூலன்ட்டைப் பொதுவாகப் பாதிக்குப் பாதி கலக்கலாம். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றுங்கள். உறைபனிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்பதால் கூலன்ட் வேண்டாம் என்பவர்கள் அதிலிருக்கும் துருத்தடுப்பை மறந்துவிடுகிறார்கள். வெவ்வேறு நிறமுள்ள இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றமாக நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஓஸை அமுக்கிவிட்டால் காற்று வெளியேறும். நிரம்பியதும் மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். இனி இறங்கவில்லை என்றால் மூடியைப் போட்டு, பேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் கசிவே இல்லாமல் வண்டி சூடாகும். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். அது தங்கியிருந்த காற்று. அதன் பிறகும் ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

சாலையில் மாட்டிக்கொண்டால்

முள் சிவப்பை நெருங்கினாலோ சீட்டுக்கு அடியிலிருந்து அனல் தொடையைத் தொட்டாலோ ஓரம் கட்டி நிறுத்துங்கள். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். கூலன்ட் முழுவதும் போய்விட்டால் சென்சாரைத் தொடத் திரவமே இருக்காது. முள் இறங்கிக் குளிர்ச்சி காட்டும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ஏறியிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அது நல்ல செய்தி அல்ல.

அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். காய்ந்த எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். ஓஸில் சின்ன வெடிப்பு என்றால் துடைத்துக் காயவைத்து ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மூடியை முதல் படி வரை மட்டும் திருகி வையுங்கள். அழுத்தம் ஏறாது, கசிவு குறையும். ஆனால் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மெதுவாக, சுமை இல்லாமல், நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒர்க்ஷாப் வரைக்கும்தான் இது. அதற்கு மேல் தூரம் இருந்தால் வண்டியை இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள். அந்தக் கூலி ஹெட் வேலையின் கூலியைவிடக் குறைவு.